எம்.எஸ்சி. சைக்காலஜியில் எந்தப் பிரிவை எடுப்பது? வடசென்னைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். சைக்காலஜி படித்து, இப்போது கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். மே, ஜூன் வந்தால் போதும், டிகிரி முடித்த பிள்ளைகள் யாராவது மார்க் ஷீட்டோடு வீட்டு வாசலில் நிற்பார்கள். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே கேள்விகள்தான். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு எழுதி வைத்தது இது. காலேஜ் விளம்பரத்தில் இருப்பதை இங்கே திரும்ப எழுதவில்லை.

அக்கா, எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் மாத்திரை எழுதித் தரலாமா?

முடியாது. மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். நாம் சைக்காலஜிஸ்ட். பேசுவோம், கேட்போம், டெஸ்ட் வைப்போம், பயிற்சி கொடுப்போம். ஆஸ்பத்திரியில் இருவரையும் ஜனங்கள் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மயங்கிவிடாதீர்கள்.

மொத்தம் எத்தனை பிரிவுகள் இருக்கின்றன?

கிளினிக்கல், கவுன்சிலிங், தொழில் நிறுவன உளவியல் என்கிற ஐ.ஓ., பள்ளி உளவியல், மறுவாழ்வு உளவியல், நரம்பு உளவியல், தடயவியல் உளவியல், விளையாட்டு உளவியல், உடல்நல உளவியல்... பட்டியல் இன்னும் நீளும். பெயர்களை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு பெயரைப் பார்க்கும்போதும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தால், எதிரே யார் வந்து உட்காருவார்? படிப்பு முடிந்ததும் என் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் அது உறைக்கிறது.

இன்னொன்று. பல காலேஜ்களில் எம்.எஸ்சி. என்பது பொதுவான படிப்புதான். "அப்ளைடு சைக்காலஜி" என்று பெயர் வைத்திருப்பார்கள். உங்கள் பிரிவு எது என்பதை இரண்டாம் வருடம் நீங்கள் எடுக்கும் விருப்பப் பாடங்களும், இன்டர்ன்ஷிப் போகும் இடமும், ஆய்வுத் தலைப்பும்தான் தீர்மானிக்கும். போதை மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தவரும், ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் மூன்று மாதம் இருந்தவரும் ஒரே பட்டத்தோடு வெளியே வருவார்கள். ஆனால் வேலை கேட்கப் போகும் வாசல் வேறு வேறு.

எம்.ஏ. சைக்காலஜி நல்லதா, எம்.எஸ்சி. நல்லதா?

இரண்டும் ஒன்றுதான். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறுகிறது, அவ்வளவே. பாடத்திட்டத்தைப் பாருங்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள்.

எல்லாரும் கிளினிக்கல், கிளினிக்கல் என்கிறார்களே, அது என்ன?

மனநோய் உள்ளவர்களோடு நேரடியாக வேலை செய்யும் பிரிவு. நோயின் தன்மையைக் கணிப்பது, அறிவுத்திறன் சோதனை, ஆளுமைச் சோதனை எல்லாம் வைப்பது, பேச்சுவழிச் சிகிச்சை கொடுப்பது, இவைதான் வேலை. மைத்தடம் காட்டிக் கேட்கும் ரோர்ஷாக் சோதனையை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1921இல் வந்தது, மொத்தம் 10 அட்டைகள். அதைக் காட்டுவது சுலபம். வந்த பதிலை எப்படிக் குறிப்பது, எப்படிப் பொருள் கொள்வது என்று கற்றுக்கொள்ளத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

முக்கியமான சமாசாரம் சட்டம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" யார் என்று வரையறுத்துவிட்டது. ஒன்று, இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜித் தகுதி பெற்றிருக்க வேண்டும். அல்லது சைக்காலஜியில் முதுகலை முடித்து, பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., அங்கீகரித்த பல்கலைக்கழகத்தில், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி உள்ள இரண்டு வருட முழுநேர எம்.பில். முடித்திருக்க வேண்டும். வெறும் எம்.எஸ்சி. போதாது. ஆர்.சி.ஐ. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குவது. அதன் மையப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அந்தப் பெயரில் பிராக்டிஸ் செய்யலாம்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு மருத்துவமனையில் எனக்கு போஸ்டிங், அதாவது பயிற்சி. திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டேன். "நெஞ்சுல யாரோ அம்மிக்கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்கும்மா, சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். நான் கேஸ் ஷீட்டில் அழகான ஆங்கிலத்தில் "மனச்சோர்வு, பசியின்மை" என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். மேற்பார்வையாளர் ஒரே கோடாக அடித்தார். "இது உன் வார்த்தை. அந்த அம்மா என்ன சொன்னாங்க?" என்றார். அம்மிக்கல்லை எழுதினேன். "இப்ப இது எவ்வளவு நாளா இருக்கு, ராத்திரியில அதிகமா, வேலை செய்யும்போது அதிகமா, போய்க் கேள்" என்று திருப்பி அனுப்பினார். அன்று அந்த ஒரு ஹிஸ்டரி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. திரும்பத் திரும்பக் கேட்பதும், அவர் அழுது முடிக்கும்வரை பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பதும் உங்களுக்கு அலுக்காது என்றால் கிளினிக்கல் பக்கம் வாருங்கள்.

எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி என்றே ஒரு காலேஜில் இருக்கிறதே, அதைப் படித்தால் போதாதா?

இங்கேதான் நிறைய பேர் விழுகிறார்கள். பட்டத்தின் பெயரில் "கிளினிக்கல்" என்ற சொல் இருப்பதும், அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருப்பதும் ஒன்றல்ல. அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தால் உங்களிடம் இருப்பது ஒரு முதுகலைப் பட்டம். அதை வைத்து மேலே படிக்கலாம், கவுன்சிலராக வேலை தேடலாம். "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு வைக்க முடியாது. அந்தப் படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. அது எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்து சேருங்கள்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஆர்.சி.ஐ. வலைத்தளத்திலேயே இருக்கிறது, எந்த வருடம் வரை அங்கீகாரம் என்பதோடு. "சீக்கிரம் வந்துவிடும்மா, அப்ளை பண்ணியிருக்கோம்" என்று அலுவலகத்தில் சொன்னால், வந்த பிறகு சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

எம்.பில். நிறுத்திவிட்டார்களாமே?

பொதுவாக எம்.பில். பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக யு.ஜி.சி. 2022இல் விதி கொண்டுவந்தது. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் (மனநலச் சமூகப்பணி) இரண்டுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தார்கள். அதற்கிடையே ஆர்.சி.ஐ. நான்கு வருட பி.எஸ்சி., இரண்டு வருட எம்.ஏ., அதற்கு மேல் சை.டி. என்கிற முனைவர் நிலைப் பட்டம் என்று கிளினிக்கல் சைக்காலஜியிலேயே புது வரிசை ஒன்றைக் கொண்டுவந்தது. அதனால் மூத்த அக்கா, அண்ணன் போன வழியை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் படித்த காலத்தில் ஏணி வேறு. சேரப்போகிற வருடத்தின் அறிவிப்பைப் படியுங்கள்.

சென்னையைச் சுற்றி இந்தப் பயிற்சிக்குப் பெயர் போனவை போரூர் ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். வெளியே என்றால் பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் மனநல நிறுவனம், ராஞ்சியில் உள்ள மத்திய மனநல மருத்துவக் கழகம். போட்டி கடுமை, இடங்கள் சொற்பம். ஒரு தடவையில் கிடைக்காதவர்கள்தான் அதிகம்.

மறுவாழ்வு உளவியல் பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டும். என்னைக் கேட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் தெரியாமலே கடந்துபோகிற நல்ல பிரிவு இதுதான். மாற்றுத்திறனாளிகளோடும் அவர்கள் குடும்பத்தோடும் வேலை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகள், விபத்தில் கால் போனவர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு சோதனை, சான்றிதழ், பயிற்சி என்று வேலை பெருகியிருக்கிறது. ரிஹாபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட் என்பதற்கும் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் தனி இடம் உண்டு. செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தில் இந்தப் படிப்பு நெடுநாளாக நடக்கிறது.

காசிமேட்டுப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். பத்து வயதுக்குள்தான். பள்ளியில் "மக்கு" என்று முத்திரை குத்தி சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சொல்வளப் பகுதியில் பாதிக்கு மேல் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். இடைவேளையில் சும்மா பேச்சுக் கொடுத்தேன். வஞ்சிரத்துக்கும் அறுக்குளாவுக்கும் வித்தியாசம், எந்த மாதம் எது வரும், ஏலத்தில் கூடை எப்படி விலை ஏறும் என்று படபடவென்று கொட்டினான். சோதனையின் மதிப்பெண்ணை நான் மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது. ஆனால் அறிக்கையில் இதையும் எழுதலாம். மொழி அதிகம் தேவைப்படாத செயல்முறைச் சோதனைகள் இருக்கின்றன, அவற்றையும் வைத்துப் பார்க்கலாம். கட்டைகளை அச்சில் பொருத்தும் பலகையை முன்னால் வைத்ததும் கை விறுவிறுவென்று ஓடியது. கடைசியில் கண்டறிந்தது, அவனுக்கு இருந்தது வாசிப்பில் மட்டும் வரும் கற்றல் குறைபாடு. இந்த மாதிரிப் பிள்ளைக்கு எதிரே, அவன் பாஷை தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும்.

கவுன்சிலிங் சைக்காலஜி எடுத்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளி, காலேஜ், போதை மறுவாழ்வு மையம், தொண்டு நிறுவனம், அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையம், பெண்களுக்கான உதவி மையம் என்று பல வாசல்கள் உண்டு. ஒப்பந்த அடிப்படையிலான வேலைகள்தான் அதிகம்.

கிளினிக்கலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பார்கள். கவுன்சிலரின் எதிரே வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. பிளஸ் டூவில் மார்க் குறைந்தவர், கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வந்தவர், வேலை போனவர், காதலை வீட்டில் சொல்ல முடியாதவர். கடுமையான நோய் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். இந்த "அனுப்பத் தெரிவது" நல்ல கவுன்சிலரின் பாதித் தொழில். வந்த கேஸை விட மனமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

பதிவு விஷயம்: கவுன்சிலர்களுக்கு நெடுங்காலமாக எந்தப் பதிவேடும் இல்லாமல் இருந்தது. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு வைத்தார்கள். 2021ஆம் ஆண்டு துணை மருத்துவ மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. கிளினிக்கல் தவிர்த்த மற்ற சைக்காலஜிஸ்டுகளையும் நடத்தைநலத் துறையினர் என்ற வகையில் அது உள்ளே கொண்டுவந்திருக்கிறது. இனி சேர்கிறவர்கள் இந்த ஆணையத்தின் பாடத்திட்ட அறிவிப்புகளையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

சென்னையில் எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் கவுன்சிலிங் சைக்காலஜிக்கு நன்கு அறியப்பட்ட இடம். நமக்கு ரயிலில் போய்வர வசதியானதும்கூட.

ஆறு மாத டிப்ளமோ படித்துவிட்டு கவுன்சிலர் ஆகலாமா?

என் கதையைச் சொல்கிறேன். பி.எஸ்சி. முடித்த புதிதில், அம்மா சீட்டு எடுத்த பணத்தைக் கட்டி அப்படி ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் வகுப்பு. கடைசி நாளில் கருப்பு அங்கி போட்டு போட்டோ எடுத்து, தங்க எழுத்தில் சான்றிதழ் தந்தார்கள். பிறகு ஓர் இன்டர்வியூவில் அதை முதலில் வைத்து ஃபைலை நீட்டினேன். எதிரே இருந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. அதை உருவி எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டு, "எம்.எஸ்சி. எப்ப சேரப் போறீங்க?" என்று கேட்டார். முதுகலை முடித்தவர் ஒரு குறிப்பிட்ட சிகிச்சை முறையைக் கற்றுக்கொள்ள குறுகிய பயிற்சி எடுப்பது வேறு. முதுகலைக்குப் பதிலாக அதை எடுப்பது வேறு.

பள்ளி உளவியல் தனிப் படிப்பா?

சில இடங்களில் தனிப் பிரிவு, பல இடங்களில் கவுன்சிலிங்கின் ஒரு கிளை. குழந்தைகள் பிடிக்கும் என்பது மட்டும் போதாது. தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், அப்பா, அம்மா நால்வரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சண்டை வராமல் பேசவும் தெரிய வேண்டும். பல பள்ளிகளில் கவுன்சிலரை லீவு போட்ட டீச்சரின் வகுப்புக்கும் அனுப்புவார்கள். வேலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் இத்தனை கம்பெனி இருக்கிறதே, ஐ.ஓ. படித்தால் அங்கே வேலை கிடைக்குமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஐ.ஓ. என்றால் ஆள் எடுப்பது, எந்த வேலைக்கு யார் பொருத்தம் என்று சோதிப்பது, பயிற்சி, பணிச்சூழல், பாதுகாப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல, பெயர்தான் புதிது. 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானபோது அதன் உயிர்நாடி பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்கள். எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு ஓய்வு, மேஸ்திரி எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அங்கே வீட்டுப் பேச்சு. அதே விஷயங்களைத்தான் இந்தத் துறை ஆராய்கிறது. 1953இல் ஏ.கே. ரைஸ் என்ற ஆங்கிலேயர் அகமதாபாத் மில்லில் தறிக்காரர்களைச் சிறு குழுக்களாக மாற்றி அமைத்துச் செய்த ஆய்வு உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மில் வாசலில் வளர்ந்த தாத்தாவிடம் அதைப் படித்துக் காட்டினால், "இதுக்கு வெள்ளக்காரன் வரணுமா?" என்பார்.

இன்னொரு உதாரணம் ரயில்வே. அயனாவரம், பெரம்பூர்ப் பையன்கள் உதவி லோகோ பைலட் தேர்வுக்குத் தயாராகும்போது "சைக்கோ டெஸ்ட்" என்று பயப்படுவார்களே, அது ஐ.ஓ. சைக்காலஜியின் நேரடிப் பயன்பாடு. கவனம், நினைவு, வேகம் எல்லாம் அளப்பார்கள். ஒவ்வொரு சோதனையிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் (தரப்படுத்திய மதிப்பெண்) எடுத்தாக வேண்டும், யாருக்கும் தளர்வு கிடையாது. இந்தச் சோதனைகளுக்குப் பின்னால் லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பின் உளவியல் பிரிவு இருக்கிறது. ராணுவ அதிகாரி தேர்வில் படம் காட்டிக் கதை எழுதச் சொல்வதும் இந்தக் குடும்பம்தான்.

இனி கசப்பான பகுதி. தொழிற்சாலையில் எச்.ஆர். வேலைக்கு எம்.பி.ஏ. படித்தவரும் போட்டி போடுகிறார். தொழிலாளர் நல அலுவலர் வேலைக்குப் பெரும்பாலும் சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மைப் பட்டங்களைத்தான் கேட்பார்கள். ஐ.ஓ. படித்தவருக்குத் தனி பலம் சோதனை வடிவமைப்பும் புள்ளியியலும். ஆக, ஸ்டேடிஸ்டிக்ஸைப் பார்த்து ஓடுகிறவர் ஐ.ஓ. எடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எக்செல்லும், எஸ்.பி.எஸ்.எஸ். என்கிற புள்ளியியல் மென்பொருளும் பழகிவிட்டு வாருங்கள்.

நரம்பு உளவியல், தடயவியல், விளையாட்டு உளவியல்?

நரம்பு உளவியல்: தலையில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர், மறதி நோய் உள்ளவர். மூளையின் எந்த வேலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, பயிற்சி கொடுப்பது. பைக் விபத்துகளைப் பார்க்கும் யாருக்கும் இதன் தேவை புரியும். ஆனால் இதற்கும் கிளினிக்கல் வழியாகப் போவதுதான் இங்கே நடைமுறை.

தடயவியல்: சீரியல் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் அதிகம். காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. உண்மை கண்டறியும் சோதனையை ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. சினிமாவில் வருகிற வேலை நிஜத்தில் மிகக் குறைவு.

விளையாட்டு: வியாசர்பாடி ஃபுட்பால் மைதானத்தையும் கேரம் கிளப்புகளையும் பார்த்து வளர்ந்தவருக்கு ஆசை வருவது இயல்பு. எனக்கும் இந்தத் துறை மேல் ஆசை உண்டு. ஆனால் பெரிய கிளப், அகாடமி தவிர முழுநேரச் சம்பளம் தருகிறவர் இங்கே அரிது. கவுன்சிலிங்கோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை எடுத்தாலும் மனநலத் துறைக்கு வரலாமா?

தாராளமாக. மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி என்று பிரிவு உண்டு. நோயாளி வீட்டுக்குப் போனதும் யார் மாத்திரை கொடுப்பார், உதவித்தொகை எப்படி வாங்குவது, பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார் என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஆளை அறைக்குள் பார்ப்பதைவிடத் தெருவுக்குள் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாமா?

முன்பு படித்தார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜி உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. புதிய சேர்க்கைக்குத்தான் இந்தத் தடை. இன்னமும் யாராவது "அட்மிஷன் நடக்குது, சீட் பிளாக் பண்ணுங்க" என்று போன் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

குடும்பத்துக்குச் சம்பாதித்துக்கொண்டே படிக்க நினைத்த பிள்ளைகளுக்கு இது பெரிய அடிதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண், துணிக்கடை வேலையை விட முடியாமல் ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டாள். செலவைக் குறைக்க முதலில் அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகளைப் பாருங்கள். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் மாநிலக் கல்லூரியிலும் சைக்காலஜித் துறைகள் உள்ளன. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றிதழை ஏப்ரலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஜூனில் இ-சேவை மையத்து வரிசையில் நிற்க முடியாது.

நான் பி.காம். படித்தவன். சேரலாமா?

காலேஜைப் பொறுத்தது. சில இடங்களில் எந்த டிகிரியும் போதும், சில இடங்களில் பி.எஸ்சி. சைக்காலஜி கட்டாயம். சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் மூச்சு முட்டும். கிளினிக்கல்தான் குறி என்றால், மேல்படிப்புக்கு இளங்கலைச் சைக்காலஜி கேட்பார்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பளைப் பிள்ளைகள் படிக்கலாமா? வகுப்பு முழுக்கப் பெண்களாமே?

படியுங்கள் தம்பி. போதை மறுவாழ்வு மையங்களில் ஆண் கவுன்சிலர் கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். இங்கிலீஷ் வராது. சமாளிக்க முடியுமா?

புத்தகம், தேர்வு, அறிக்கை எல்லாம் ஆங்கிலம்தான். முதல் வருடம் கஷ்டம். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் போஸ்டிங் தொடங்கியதும் ஆட்டம் மாறிவிடும். "காத்து கருப்பு அண்டிடுச்சு", "தலை கிர்ருங்குது", "மனசு ஒரு நிலையில இல்ல" என்று வருகிறவரிடம் மேற்கொண்டு என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தானாக வரும். ஆங்கிலம் சரளமாகப் பேசும் வகுப்புத் தோழி "கிர்ருங்குதுன்னா என்னடி?" என்று உங்களிடம் வந்து கேட்பாள். கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் "பைத்தியம் பார்க்கிற வேலையா?" என்கிறார்கள். என்ன சொல்வது?

கீழ்ப்பாக்கத்தில் எனக்குச் சில நாள் போஸ்டிங் என்றதும் எங்கள் ஆயா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "கீழ்ப்பாக்கத்துக்கா? கல்யாணம் ஆக வேணாமா?" நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்பது ஏரியா பெயர் அல்ல, வசவு. அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. இப்போதிருக்கும் வளாகத்துக்கு வந்தது 1871இல். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் தலைமை வகித்த இடம் அது. பிறகு 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு மருமகள் பிள்ளை பெற்றதிலிருந்து குழந்தையைத் தூக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று ஆயாவே என்னை இழுத்துக்கொண்டு போனார். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு ஆயா வாயைத் திறக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்பது வேறு கதை.

எனக்கே மனச்சோர்வு இருந்தது, மாத்திரை சாப்பிட்டேன். நான் இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். என் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், நல்ல கவுன்சிலர்களாக இருக்கிறார்கள். ஒன்று மட்டும். உங்கள் பிரச்னையைத் தீர்த்துக்கொள்ளும் இடமாக வகுப்பை நினைத்து வராதீர்கள். அதற்குத் தனியாக ஒருவரிடம் போங்கள். இப்போது கஷ்டமாக இருக்கிறது என்றால், எம்.எஸ்சி. விண்ணப்பம் அப்புறம், முதலில் 14416க்கு போன் செய்யுங்கள். டெலி மனஸ், அரசின் இலவசச் சேவை, தமிழிலேயே பேசலாம்.

அட்மிஷன் அன்று காலேஜில் என்ன கேட்க வேண்டும்?

இந்தப் படிப்புக்கு எந்த அமைப்பின் அங்கீகாரம், எந்த வருடம் வரை? கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப்புக்கு இடம் அவர்களே பிடித்துத் தருவார்களா, நாமே அலைய வேண்டுமா? அங்கே மேற்பார்வை செய்கிறவர் யார், வாரம் எத்தனை மணி நேரம்? அவருக்கு ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கிறதா? சோதனைக் கருவிகள் லேபில் நிஜமாக இருக்கின்றனவா, ஜெராக்ஸா? போன வருடம் முடித்தவர்கள் இருவரின் நம்பர் கிடைக்குமா? அந்த நம்பர் கிடைத்தால் அன்று மாலையே போன் செய்து, "காலையில் உங்கள் எதிரே யார் வந்து உட்காருகிறார்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் "யாரும் வருவதில்லை, போனில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கிறேன்" என்றார். அந்தக் காலேஜில் நான் அனுப்பிய பெண் சேரவில்லை.

அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுத்துவிட்டுச் சும்மா வராதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு சீல் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.